சும்மா கிடக்கிற இடம் யாருடையது?

ஊரில் முதலில் ஒரு பேச்சுத்தான் கிளம்பும். மந்தைப் பொட்டலை எதற்கோ கொடுத்துவிட்டார்களாம். ஊருணிக் கரையில் கடை கட்டப் போகிறார்களாம். புது நகரில் பார்க்குக்கு விட்ட இடத்தையும் மனை போட்டு விற்கிறார்களாம். விசாரித்தால் யாருக்கும் முழுசாகத் தெரியாது. சில மாதம் கழித்து ஒரு காலையில் ஜேசிபி வந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் மறியல், மனு, வக்கீல் எல்லாம். கல்லல் பக்கத்து ஊர்களில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் அன்றைக்கே என்ன செய்யலாம் என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். ஜேசிபி வருவதற்கு வெகுநாள் முன்பே பொது இடம் காகிதத்தில் கைமாறிவிடுகிறது. எதிர்ப்பும் அந்தக் காகிதத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில், இடம் யாருடையது என்பதைப் பார்ப்போம். கல்லல் சீமை பழைய சிவகங்கை ஜமீனைச் சேர்ந்தது. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது ஜமீனின் வயல்கள் மட்டும் அரசுக்கு வரவில்லை. ஊர்ப் பொது நிலம், புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், காடு, கண்மாய், ஓடை, கல்குவாரி, மீன்பாசி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அந்தச் சட்டம் அரசின் பெயருக்கு மாற்றியது. அன்றிலிருந்து பொட்டலும் மந்தையும் சட்டப்படி அரசுடையவை. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பும், எப்படிப் பயன்படுத்துவது என்று ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் மட்டுமே ஊராட்சியிடம் இருக்கின்றன. "ஊராட்சிக்குச் சொந்தமான இடம்" என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதில் பெரும்பகுதி இந்த வகைதான். ஒரு தலைவரும் சில உறுப்பினர்களும் கூடித் தீர்மானம் எழுதி அதை விற்றுவிட முடியாது. தீர்மானத்துக்கு மேல் ஒன்றியம், தாசில்தார், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று கோப்பு பல மேசைகளைத் தாண்ட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். ஒவ்வொரு மேசையும் நம் ஆட்சேபணையைக் கொடுக்கக்கூடிய இடம்.

கண்மாயில் கணக்கு கொஞ்சம் மாறும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, உட்பட்ட கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது முன்பு பொதுப்பணித் துறையாக இருந்த இன்றைய நீர்வளத் துறையிடம். ஆகவே ஒரே ஊரின் பெரிய கண்மாய்க்கு ஓர் அலுவலகமும் சின்னக் கண்மாய்க்கு வேறோர் அலுவலகமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். செட்டிநாட்டில் இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. நகரத்தார் வெட்டிய ஊருணிகள், கோயில் நந்தவனங்கள், தேர் நிற்கும் வெளி, திருவிழாத் தோப்பு என்று பல இடங்கள் கோயில் பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ இருக்கின்றன. அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயில் நிலம் என்றால் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்கவோ ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. அனுமதி தருவதற்கு முன் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வெளியிடவும் வேண்டும். யாரிடம் மனுக் கொடுப்பது என்று தெரியாமல் தவறான அலுவலகத்துக்கு நடந்தே பல ஊர்கள் ஓய்ந்துபோகின்றன. இடம் யார் பெயரில் என்று பார்ப்பது முதல் வேலையாவது அதனால்தான்.

இந்தச் சீமையின் பொது இடங்களுக்கு வெளியார் கண்ணில் படாத ஓர் இயல்பு உண்டு. ஆண்டின் பெரும்பகுதி அவை பச்சையாக இருப்பதில்லை. வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகினால் தை, மாசி வரை தண்ணீர் நிற்கும். அப்புறம் வெடித்த கரம்பையும் கருவேல மரமும் நாட்டு மாடும்தான். பொட்டல் என்றால் செம்மண்ணும் சரளையும், ஓரத்தில் நாலு புளியமரமும். நகரத்துப் பூங்காவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது காலியிடம். "சும்மாதானே கிடக்கிறது" என்ற வார்த்தை அங்கேதான் பிறக்கிறது. கோப்பிலும் அதே பொருளில் "பயன்பாட்டில் இல்லை" என்று ஏறிவிடுகிறது.

உண்மையில் அந்த இடம் ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. ஆடு மாடு மேய்கிறது, நெல்லடிக்கும் காலத்தில் களமாகிறது, கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் மைதானமாகிறது, பொங்கல் முடிந்து மஞ்சுவிரட்டுக்கு வாசல் திறக்கிறது. 1927-இல் காந்தி வந்து ஜீவாவைச் சந்தித்த சிராவயலில், இன்றைக்கும் தை மாதம் மஞ்சுவிரட்டு நடப்பது ஊர்ப் பொட்டலில்தான். அந்தப் பொட்டலில் ஆண்டுக்கு ஒரு நாள் கூடும் கூட்டத்தை மட்டும் கணக்கெடுப்பவருக்கு மீதி நாள் இடம் காலியாகத் தெரியும். ஊர்க்காரர்களுக்கு அது முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வேண்டிய இடம். மழைநீர் பரவி ஊறுவதும் அங்கேதான். பொட்டலிலிருந்து ஓடிவரும் வரத்து வாய்க்காலின் தண்ணீரில்தான் பல ஊருணிகள் நிரம்புகின்றன. பொட்டலில் சுற்றுச்சுவர் எழுப்பினால் அடுத்த மழையில் ஊருணி நிரம்பாது. இந்தத் தொடர்பைச் சர்வேயர் வரைபடம் காட்டாது. ஊரில் வயதானவர்களைக் கேட்டுத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று எழுதி வைத்துக்கொள்வது, பிற்பாடு எந்த மனுவுக்கும் உயிர் கொடுக்கும்.

வருமானமும் உண்டு. கண்மாய் மீன்பாசி ஏலம், புளியமர மேல்பலன் ஏலம், கருவேல மர ஏலம் என்று பொது இடத்திலிருந்து ஆண்டுதோறும் பணம் வருகிறது. அந்த ஏலத் தீர்மானங்களின் நகல் கையில் இருந்தால் "பயன்பாட்டில் இல்லை" என்ற வரியை ஒரே நாளில் உடைக்கலாம்.

ஊர் நினைத்தால் பொது நீர்நிலையை எவ்வளவு காலம் காக்கலாம் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்து 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மொத்தமே 38.4 ஹெக்டேர். கூடு கட்டும் பறவை பயந்து பறந்துவிடும் என்று அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அரசாணை பின்னால் வந்தது, மக்களின் கட்டுப்பாடு முன்னாலேயே இருந்தது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். சிவகங்கைச் சீமைக்காரர்களுக்குப் பொது இடத்தின் அருமையை வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை என்பதற்கு அந்த மூன்று கண்மாய்களே சாட்சி.

இனி, பொது இடம் எப்படிக் கைமாறுகிறது என்ற விஷயம். நேரடியாக விற்பது அபூர்வம். பெரும்பாலும் முதலில் மாறுவது வகைப்பாடு. வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே அதன் பரப்பும் வகையும் இருக்கும். கடைசியில் குறிப்புரையில் கண்மாய், ஊருணி, மந்தை, மேய்க்கால், களம், மயானம் என்று எழுதியிருக்கும். அந்தச் சொல் இருக்கும்வரை இடத்தை வேறு வேலைக்குக் கொடுப்பது கடினம். அது "தீர்வை ஏற்படாத தரிசு" என்று மாறிவிட்டால் கதவு பாதி திறந்தாயிற்று. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நில அளவைத் திட்டத்தின்போது தமிழ்நாடு முழுக்கப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது நேர்ந்த பிழைகளை ஊர்கள் இன்றும் சுமக்கின்றன. அதனால் இன்றைய அ-பதிவேட்டை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பழையதில் மந்தை, புதியதில் தரிசு என்று இருந்தால் உங்கள் வழக்கின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

அரசு நிலத்தை ஒரு துறைக்கோ நிறுவனத்துக்கோ மாற்றும்போது, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று ஊரில் விளம்பரம் செய்ய வேண்டும். நோட்டீஸ் வி.ஏ.ஓ. அலுவலகச் சுவரிலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒட்டப்படும். கெடு முடிந்ததும் "ஆட்சேபணை எதுவும் வரவில்லை" என்று ஓர் அறிக்கை போகும். கோப்பில் இருக்கும் எல்லா வரிகளிலும் இந்த ஒரு வரிதான் ஊருக்கு அதிகச் சேதம் செய்கிறது. பின்னாளில் நீதிமன்றத்தில் அரசு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவதும் இதைத்தான். கெடுவுக்குள் ஒரே ஒருவர் எழுத்தில் ஆட்சேபித்து ரசீது வாங்கியிருந்தாலும் அந்த வரியை எழுத முடியாது. பத்துப் பேர் தனித்தனியாக, அவரவர் காரணத்தைச் சொல்லி எழுதினால் இன்னும் நல்லது. ஒரே வாசகத்தில் நூறு கையெழுத்தை விட, ஆடு மேய்ப்பவர் ஒன்றும் பிள்ளைகளுக்கு விளையாட இடம் கேட்கும் தாய் ஒன்றுமாக எழுதும் கடிதங்களுக்கு எடை அதிகம்.

மனைப்பிரிவுப் பூங்காவின் கதை வேறு. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகி, பக்கத்துப் பேரூராட்சிகளும் சில ஊராட்சிகளும் அதில் சேர்ந்துவிட்டன. நகரம் விரியும்போது சாலையோர நிலமெல்லாம் மனையாவது எங்கும் நடப்பதுதான்; கல்லல், குன்றக்குடிப் பக்கத்தவர்கள் இப்போதே இந்த விதியைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். இடம் என்கிறார்கள். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம். அதற்கு மேல் போனால் பணம் செல்லாது, இடத்தையே உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதித்தர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 5 ஏக்கரில் மனை போடுகிறார். சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி மூன்றரை ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, 35 சென்ட், ஊருக்கு. சென்ட் விலை ஏற ஏற அந்த 35 சென்ட் மேல் கண்களும் அதிகமாகும். இங்கே நடக்கும் தவறுகள் பெரும்பாலும் மூன்று இடத்தில்: வரைபடத்தில் பூங்கா இருக்கும், ஆனால் தானப்பத்திரம் பதிவாகியிருக்காது; பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா பழைய பெயரிலேயே கிடக்கும்; இரண்டும் சரியாக இருக்கும், ஆனால் இடத்தில் வேலியோ பலகையோ இல்லாமல் பக்கத்து மனைக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டியிருப்பார். மனை வாங்கும்போது நம்முடைய பத்திரத்தை நாலு தடவை படிக்கிறோம். பூங்காவின் பத்திரத்தை யாரும் கேட்பதில்லை. நகர் ஊரமைப்பு இயக்ககம் அனுமதித்த வரைபடம், பூங்காவின் தானப்பத்திரம், அதன் பட்டா, வில்லங்கச் சான்று இந்த நான்கையும் குடியிருப்போர் சேர்ந்து எடுத்து ஒரு கோப்பில் வைத்தால் பிறகு பல ஆண்டு நிம்மதி. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போடுவதற்கு முன்பு, வயலைக் கூறுபோட்டு விற்ற பல நகர்களில் பூங்காவுக்கு ஒரு சென்ட்கூட விடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வசிப்பவர்களுக்குப் பக்கத்து ஊர்ப் பொட்டல் ஒன்றே திறந்தவெளி. அதைக் காக்கும் வேலையில் அவர்களும் ஊர்க்காரர்களோடு சேர வேண்டும்.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் ஓரளவு தெளிவாகவே பேசியிருக்கின்றன. பெங்களூரில் ராஜ்மஹல் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை 1976-இல் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்பது அரசுத் தரப்பின் வாதம். அப்பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள், முதல் சுற்றில் தோற்றார்கள், மேல்முறையீட்டில் வென்றார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே நின்றது. பூங்காவுக்கென்று வைத்த இடத்தை இன்னொரு நல்ல காரியத்துக்குக்கூட எடுக்க முடியாது என்றது. அக்கம்பக்கத்துக் குடிமக்களுக்கு அந்தப் பூங்காவுக்காக வழக்காடும் உரிமை உண்டு என்றும் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் படுவது இரண்டாவது பகுதி. "உனக்கென்ன இதில் பாத்தியதை?" என்று மனுதாரரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது.

லக்னோவின் ஜண்டேவாலா பூங்கா வழக்கில் எதிரே நின்றது மாநகராட்சியே. 1993-இல் பூங்காவுக்கு அடியில் தரைக்குக் கீழே கடைகள் கட்ட ஒரு கட்டுமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. மேலே பூங்கா அப்படியே இருக்கும் என்றார்கள். 1999-இல் உச்ச நீதிமன்றம், கட்டியதை இடித்துவிட்டுப் பூங்காவைப் பழையபடி ஆக்கித் தரச் சொன்னது. பணம் செலவாகிவிட்டதே என்ற கெஞ்சல் எடுபடவில்லை.

கிராமத்துக்கு மிக நெருக்கமானது பஞ்சாப் வழக்கு. பாட்டியாலா மாவட்டத்து ரோஹர் ஜாகிர் கிராமத்தில் குளத்தை மூடிச் சிலர் வீடு கட்டிக்கொண்டார்கள். நிலத்துக்குரிய விலையை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்றார் ஆட்சியர். 2011 ஜனவரி 28-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு எழுதிய தீர்ப்பு அந்தச் சமரசத்தை ஏற்கவில்லை. கிராமப் பொது நிலத்தில் ஆக்கிரமிப்பு எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், எவ்வளவு செலவழித்துக் கட்டியிருந்தாலும், அதைக் காரணம் காட்டி வரன்முறைப்படுத்த முடியாது என்றது. ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதேவேளை, நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு முறைப்படி கொடுத்த இடங்களையும், பள்ளி, மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாடுகளையும் விதிவிலக்காக வைத்தது. ஜக்பால் சிங் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். ஊரார் கொடுக்கும் மனுவில் இந்தப் பெயரையும் 2011 என்ற ஆண்டையும் எழுதினால் படிக்கும் அதிகாரிக்கு விஷயம் உடனே புரியும்.

இங்கிலாந்திலும் இதே சண்டைதான். அங்கே உள்ளாட்சி மன்றம் ஒரு திறந்தவெளியை விற்க நினைத்தால், முதலில் உள்ளூர்ப் பத்திரிகையில் அடுத்தடுத்து இரண்டு வாரம் விளம்பரம் கொடுத்து ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். ஷ்ரூஸ்பரி நகர மன்றம் 2017-இல் ஒரு விளையாட்டுத் திடலின் பகுதியை அப்படி விளம்பரம் செய்யாமலே வீடு கட்டும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஊர்வாசி ஒருவர் கடைசிவரை போராடினார். 2023 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இடம் கைமாறினாலும் அதன் மேல் பொதுமக்களுக்கு இருந்த உரிமை கைமாறவில்லை என்று கூறி, வீடு கட்டக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தது. அறிவிப்புக் கொடுக்கும் நடைமுறையைத் தவிர்த்தவர்கள் எங்கேயும் அதனாலேயே மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊரிலும் முதலில் துருவ வேண்டியது அறிவிப்பு முறையாக வந்ததா என்பதையே.

நடைமுறைக்கு வருவோம். பேச்சு காதில் விழுந்தவுடன் புல எண்ணைக் கண்டுபிடியுங்கள். எண் தெரிந்தால் வருவாய்த்துறை மின்சேவைத் தளத்திலேயே அ-பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். புலப்படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, அந்தப் புல எண்ணுக்கு வகைமாற்றமோ நில மாற்றமோ கேட்டு ஏதேனும் கோப்பு நடக்கிறதா, ஊராட்சித் தீர்மானம் எப்போது போட்டது, ஆட்சேபணை அறிவிப்பு எந்தத் தேதியில் ஒட்டப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. பதில் வரும்வரை கைகட்டி உட்கார வேண்டாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சேபணை மனுவைக் கொடுத்து எண் போட்ட ரசீது வாங்கிவிடுங்கள்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 500 பேருக்கு உட்பட்ட ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். ஆளில்லாமல் கையெழுத்து மட்டும் சேர்ந்த கூட்டத்தின் தீர்மானம் நமக்கும் உதவாது, எதிரிக்கும் உதவாது. "பொது இடத்தைப் பாதுகாக்க வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பிரயோசனமில்லை. புல எண், பரப்பு, இப்போதைய பயன்பாடு, என்ன முயற்சியை ஊர் ஆட்சேபிக்கிறது என்பது எல்லாம் தீர்மானத்தில் வர வேண்டும். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கிராம சபைத் தீர்மானம் போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டப்படி அது ஆட்சியரைக் கட்டிப்போடும் ஆணை அல்ல. ஆனால் அதன் பலம் என்னவென்று நமக்குப் பக்கத்து மேலூர்ச் சீமை காட்டியது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி வட்டாரத்தை உள்ளடக்கிய 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்க உரிமம் ஒரு நிறுவனத்துக்குப் போனது தெரியவந்ததும், அந்த மாதமே சுற்றுவட்டார ஊராட்சிகளின் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் வந்தன. டிசம்பர் 9-இல் சட்டப்பேரவையே தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரை தல்லாகுளத்துக்குப் பெரும் கூட்டம் நடந்தே போனது. ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அத்தனைக்கும் அடியில் கிடந்தது ஊர்களின் தீர்மானப் புத்தகங்கள். சென்னையில் இன்னும் வேகமாக நடந்தது. 2024 அக்டோபர் இறுதியில் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்க மாநகராட்சி தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த நாளே பின்வாங்கியது.

சிவகங்கை மாவட்டத்து ஊர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சியின் பேனா ஓர் அதிகாரி கையில் இருக்கிறது. தெருவில் மறித்துக் கேட்க ஒரு தலைவர் இல்லை. கிராம சபை மட்டும் கலைவதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அதற்குப் போவது இரண்டு மடங்கு அவசியம். மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர்களில் கிராம சபையே இல்லாமல் போகிறது. அங்கே 2022 முதல் நடக்கும் பகுதி சபைக் கூட்டங்கள்தான் மிச்சம். அவற்றைப் பலரும் பெயரளவில் விட்டுவைத்திருப்பது வருத்தமான விஷயம்.

பெரிய திட்டங்களுக்கு இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 21-இல் சட்டப்பேரவையில் விவாதம் இல்லாமல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டப் பகுதிக்குள் நீர்நிலை அகப்பட்டாலும் அதையும் சேர்த்து ஒருங்கிணைத்துக் கொடுக்க வழி செய்கிறது. விவசாயிகளும் சூழலியல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். கண்மாய் நிறைந்த மாவட்டம் இதை விழிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பதே என் கருத்தும். இச்சட்டத்திலும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு இடம் இருக்கிறது. அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

எதையும் கட்டவே கூடாது என்று நிற்பதும் சரியல்ல. அங்கன்வாடிக்கு இடமில்லை, துணைச் சுகாதார நிலையத்துக்கு இடமில்லை என்று ஊரே கேட்கும்போது, பொட்டலின் ஓரத்தில் பத்து சென்ட் கொடுப்பதை ஊர் கூடித் தீர்மானிக்கலாம். மேல்நிலைத் தொட்டியை எங்கே வைப்பது என்பதும் அப்படித்தான். பார்க்க வேண்டியது மூன்று: கேட்பது பொதுப் பயனா தனி லாபமா, நீர்வரத்தை மறிக்கிறதா, வேறு இடம் உண்மையிலேயே இல்லையா. வணிக வளாகம் கட்டி வாடகை வந்தால் ஊராட்சிக்கு வருமானம்தானே என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. ஒரு தடவை போன பொட்டலை எந்த வாடகையாலும் திரும்ப வாங்க முடியாது. இன்னொன்றையும் மனதார யோசிக்க வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் நிலமற்ற குடும்பத்தையும், ஊருணிக் கரையை வளைத்துக் கடை கட்டியவரையும் ஒரே மனுவில் ஒரே பெயரால் எழுதக் கூடாது. முதலாமவருக்கு மாற்று இடம் கேட்டு ஊரே நிற்க வேண்டும். காலனித் தெருக்காரர்களைக் கூப்பிடாமல் மேலத்தெருவில் மட்டும் கூடி "ஊர் எதிர்க்கிறது" என்று சொன்னால், அந்தப் போராட்டம் நியாயத்திலும் குறைபடும், எண்ணிக்கையிலும் குறைபடும். மந்தையில் மாடு விடவும் கண்மாயில் மீன் பிடிக்கவும் எல்லோருக்கும் பாத்தியதை இருக்கிற ஊரில், அதைக் காக்க எல்லோரும் வருவார்கள்.

நீதிமன்றம் கடைசிப் படி. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல மனு போடலாம். பணம் இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் இலவச உதவி கிடைக்கும். நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி, "அதிகாரிகளிடம் எப்போது மனுக் கொடுத்தீர்கள்?" என்பது. மேலே சொன்ன ரசீதுகள் அப்போது பேசும். அலுவலர் மட்டத்தில் தீரக்கூடிய ஆக்கிரமிப்பு என்றால் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், நீர்வளத் துறைக் கண்மாய்க்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. நோட்டீஸ் கொடுத்து அகற்ற வட்டாட்சியருக்கும் பொறியாளருக்கும் அதிகாரம் உண்டு.

வென்ற பிறகு செய்ய வேண்டியதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சர்வேயரை வரவழைத்து அளந்து கல் ஊன்றச் சொல்லுங்கள். புல எண்ணும் பரப்பும் எழுதிய பலகை வையுங்கள். மனைப்பிரிவுப் பூங்கா என்றால் பட்டா ஊராட்சி பெயருக்கு மாறியதா என்று பாருங்கள். ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. ஒவ்வொரு கிராமத்தின் கணக்கும் அன்று மேசைக்கு வரும், மனுவும் வாங்குவார்கள். ஊரிலிருந்து இரண்டு பேர் பழைய நகலோடு போய், நம் ஊர் ஊருணி, கண்மாய், பொட்டல், மந்தை ஒவ்வொன்றின் புல எண்ணையும் சொல்லி, போன வருடம் இருந்த சொல்லே இந்த வருடமும் அந்தக் கட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர அரை நாள் போதும்.